ரப்பர் 'அமுங்காத பொருள்' என்றால், என் விரலுக்கு அடியில் அமுங்குவது எது?

#1 அமுக்கிப்பார்த்தவன்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு ரப்பர் வட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விட்டம் 60 மி.மீ., தடிமன் 10 மி.மீ. ஒரு இயந்திரத்தின் காலடியில் அதிர்வைத் தாங்குவதற்காக வைப்பது. மேலேயும் கீழேயும் எஃகுத் தட்டு. ரப்பர் இரண்டோடும் விடாமல் ஒட்டியிருக்கும்.

முதலில் தட்டு எதுவும் இல்லாமல் வெறும் ரப்பரை எடுத்து, இரண்டு பக்கமும் வழவழவென்று எண்ணெய் தடவி அமுக்கிப் பார்த்தேன். யங் குணகம், அதாவது நீட்டுவதையோ அமுக்குவதையோ எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு, 2.4 மெகாபாஸ்கல் வந்தது. அப்புறம் தட்டு ஒட்டிய வட்டை அதே சோதனை இயந்திரத்தில் வைத்தேன். தகைவை (பரப்பளவால் வகுத்த விசை) திரிபால் (தடிமனில் எத்தனை பங்கு குறைந்தது) வகுத்தால் 12.9. ரப்பர் அதே ரப்பர்தான், ஒரே வார்ப்பு. ஐந்து மடங்கு விறைப்பு எங்கிருந்து வந்தது?

கணினியிடம் கேட்டேன், அது இன்னும் குழப்பியது. ரப்பர் அமுங்காத பொருள், பாய்சான் விகிதம் 0.5 என்று புத்தகத்தில் இருக்கிறது. 0.5 கொடுத்தால் மென்பொருள் ஓடாமல் நின்றுவிடுகிறது. 0.4999 கொடுத்தால் 41 மெகாபாஸ்கல் என்கிறது. வெறுத்துப்போய் 0.3 கொடுத்தேன், 3-க்குப் பக்கத்தில் வந்தது. 3, 12.9, 41. இதில் எதை நம்புவது?

---

#2 சந்தேகப்பிராணி

0.49 போடுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். 12.9 சோதனைப் பிழையாக இருக்கும், உங்கள் விசைமானியை ஒருமுறை சரிபாருங்கள்.

கூடவே எனக்கும் ஒரு சந்தேகம். பருமக் குணகத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எஃகுக்கு 160 ஜிகாபாஸ்கல், தண்ணீருக்கு 2.2, ரப்பருக்குச் சுமார் 2. அதாவது எஃகைவிட ரப்பர் 80 மடங்கு எளிதாகப் பருமன் குறைகிறது. அப்படியிருக்க, எஃகை விட்டுவிட்டு ரப்பரைப் போய் 'அமுங்காத பொருள்' என்பது என்ன நியாயம்? பெயரே தப்பு என்பேன்.

---

#3 கம்பிச்சுருள்

விசைமானியைத் தொடாதீர்கள். 12.9 சரியாகத்தான் இருக்கும். அதற்கு வேறொருவர் வருவார், நான் சந்தேகப்பிராணியின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதுதான் இங்கே மூலக்கேள்வி.

ஒரு பொருளை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். ஒன்று, வடிவம் மாறாமல் எல்லாப் பக்கமும் சுருக்குவது. அதை எதிர்ப்பது பருமக் குணகம். இன்னொன்று, பருமன் மாறாமல் வடிவத்தை மட்டும் கோணலாக்குவது, சீட்டுக்கட்டைச் சாய்ப்பது போல. அதை எதிர்ப்பது விறைப்புக் குணகம். வேறு எந்த உருமாற்றமும் இந்த இரண்டின் கலவைதான்.

எஃகுக்கு முதலாவது 160, இரண்டாவது 80. இரண்டுக்கும் உள்ள விகிதம் 2. அமுக்கினால் கொஞ்சம் பருமன் குறையும், கொஞ்சம் வடிவம் மாறும். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. உங்கள் ரப்பருக்கு முதலாவது 2000 மெகாபாஸ்கல், இரண்டாவது 0.8. விகிதம் 2500. வடிவத்தை மாற்ற ஒரு ரூபாய் கேட்கும் பொருள், பருமனை மாற்ற 2500 ரூபாய் கேட்கிறது. எது நடக்கும்? வடிவம்தான் மாறும். விரலால் அமுக்கும்போது ரப்பர் 'அமுங்குவது' போலத் தெரிகிறதே, அங்கே பருமன் குறையவே இல்லை. கீழே போனதெல்லாம் பக்கத்தில் பிதுங்கிவிட்டது.

ஆகவே 'அமுங்காத' என்பது ரப்பரின் பெருமை அல்ல, இரண்டு குணகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. பாய்சான் விகிதம் சொல்வதும் அந்த இடைவெளியைத்தான். நீளவாக்கில் நீட்டினால் குறுக்குவாக்கில் எவ்வளவு மெலிகிறது என்பதுதான் அந்த விகிதம். எஃகுக்கு 0.3-க்குச் சற்றுக் குறைவு, தக்கைக்கு ஏறக்குறைய பூச்சியம், ரப்பருக்கு 0.5-ஐ ஒட்டி. பாய்சான் தன் மூலக்கூறுக் கணக்கிலிருந்து எல்லாத் திண்மங்களுக்கும் 1/4 என்று முடிவுகட்டியிருந்தார் என்பது வேடிக்கை. 1987-ல் லேக்ஸ் என்பவர் நீட்டினால் பக்கவாட்டிலும் பருக்கிற நுரையைச் செய்து காட்டினார், அதற்கு விகிதம் எதிர்மறை. இயற்பியல் அனுமதிக்கிற எல்லை −1 முதல் 0.5 வரை.

---

#4 சந்தேகப்பிராணி

'விலை' விளக்கம் பிடித்தது. ஆனால் ஏன் அப்படி ஒரு இடைவெளி? பொருள் ஒன்றுதானே?

---

#5 கம்பிச்சுருள்

சுருக்கமாகச் சொன்னால், ரப்பர் என்பது ஓட மறந்த திரவம். நீள நீளமான சங்கிலி மூலக்கூறுகள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையிலான நெருக்கம் திரவத்தில் இருப்பது போலத்தான். பருமனைக் குறைக்க வேண்டுமானால் அந்த நெருக்கத்தோடு மோத வேண்டும். அதனால்தான் ரப்பரின் பருமக் குணகமும் தண்ணீருடையதும் ஏறத்தாழ ஒன்றாக வருகின்றன.

வடிவத்தை மாற்றுவது வேறு கதை. சங்கிலி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப்போகும், ஓடிப்போகாமல் இருக்க அங்கங்கே கந்தகம் போட்ட முடிச்சு. நீட்டினால் சங்கிலிகள் நேராகின்றன. விட்டால் வெப்ப ஆட்டத்தில் பழையபடி சுருண்டுகொள்கின்றன. இழுத்துப் பிடித்திருக்கும் விசை அந்த ஆட்டத்திலிருந்து வருகிறதே தவிர, அணுப்பிணைப்பு நீள்வதிலிருந்து அல்ல. அதனால்தான் இழுத்துவைத்த ரப்பரைச் சூடாக்கினால் சுருங்கும். கௌ 1805-லேயே இதைக் கவனித்துவிட்டார், பின்னால் ஜூல் அளந்து பார்த்தார். ஒரு ரப்பர் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும்.

---

#6 ஆய்வகத்துமூலை

ரப்பர் சோதனைதான் என் அன்றாட வேலை, அதனால் அந்த 12.9-க்கு நான் வருகிறேன்.

தம்பி, எண்ணெய் தடவி அமுக்கினபோது வட்டின் பக்கச்சுவர் நேராகவே இருந்திருக்கும். மேல்முகமும் கீழ்முகமும் தாராளமாக விரிந்து கொடுத்திருக்கும். தட்டு ஒட்டியதை அமுக்கியபோது பக்கச்சுவரைக் கவனித்தீர்களா? பீப்பாய் போல நடுவில் பிதுங்கியிருக்குமே! மேலும் கீழும் ஒட்டு பிடித்துக்கொண்டிருப்பதால் அங்கே ரப்பர் அசைய முடியாது. நடுத்தளம் மட்டும் வெளியே வழிய வேண்டும். பருமன் குறையாது, வழியும் குறுகல். வட்டின் மையத்தில் இருக்கிற ரப்பர் வெளியே வர 30 மி.மீ. தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால் மையத்தில் அழுத்தம் ஏறுகிறது. விளிம்பில் பூச்சியம், மையத்தில் சராசரியைப்போல் இரண்டு மடங்கு, நடுவில் பரவளைய வடிவம். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் தேனை வைத்து அமுக்கினால் கிடைக்கிற அழுத்தமும் இதே வடிவம்தான்.

எங்கள் துறையில் இதை வடிவக் காரணி என்ற ஒரே எண்ணில் அடக்கிவிடுவோம். சுமை தாங்கும் முகத்தின் பரப்பளவை, பிதுங்கச் சுதந்திரமுள்ள பக்கச்சுவரின் பரப்பளவால் வகுங்கள். வட்டுக்கு அது விட்டம் ÷ (4 × தடிமன்). உங்களுக்கு 60 ÷ 40 = 1.5. ஜென்ட், லிண்ட்லி இருவரும் 1959-ல் கொடுத்த சூத்திரம்:

தோற்றக் குணகம் (ஒட்டிய வட்டில் நீங்கள் அளப்பது) = யங் குணகம் × (1 + 2 × வடிவக் காரணியின் வர்க்கம்)

2.4 × (1 + 2 × 2.25) = 2.4 × 5.5 = 13.2. நீங்கள் அளந்தது 12.9. விசைமானியை விட்டுவிடுங்கள், பாவம்.

இதையே எடையில் சொல்கிறேன். அந்த 10 மி.மீ. வட்டை வெறும் 0.1 மி.மீ. குறுக்க வேண்டும்.

எண்ணெய் தடவிச் சும்மா வைத்தால்: சுமார் 7 கிலோ எடை போதும்.

தட்டு ஒட்டியிருந்தால்: 38 கிலோ.

அசையாத, கனமான எஃகுக் குழிக்குள் இடைவெளியே இல்லாமல் பொதிந்து மேலிருந்து அமுக்கினால்: கிட்டத்தட்ட 5.8 டன்.

மூன்றும் ஒரே ரப்பர், ஒரே 0.1 மி.மீ. மூன்றாவதில்தான் முதன்முறையாகப் பருமனே குறைகிறது, 2000 மெகாபாஸ்கல் என்ற அந்த எண் அங்கேதான் முகத்தைக் காட்டுகிறது.

---

#7 அமுக்கிப்பார்த்தவன்

5.8 டன்னா! 7 கிலோவுக்கும் 5.8 டன்னுக்கும் நடுவில் எண்ணெயும் சுவரும் மட்டும்தான் வித்தியாசமா? இது தெரியாமல் விசைமானியைக் கழற்றி, திரும்ப மாட்டி, நேற்றுச் சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. நன்றி சார்.

---

#8 சந்தேகப்பிராணி

விசைமானி விஷயத்தில் என்மேல்தான் தப்பு, மன்னியுங்கள்.

ஆனால் விடமாட்டேன். மீட்சிப் பொருளில் தகைவு திரிபைப் பொறுத்தது என்பதுதானே பாடம்? 1678-ல் ஹூக் சொன்னதும் அதுதானே, 'நீட்சி எப்படியோ விசையும் அப்படி'. ஒரு புள்ளியில் திரிபு தெரிந்தால் தகைவு தெரிந்தாக வேண்டும். கம்பிச்சுருள் சொல்வதைப் பார்த்தால் முழுக்க அமுங்காத பொருளில் பருமத் திரிபு எப்போதும் பூச்சியம். அப்படியானால் மையத்தில் ஏறுகிற அந்த அழுத்தம் எந்தத் திரிபிலிருந்து வருகிறது? பூச்சியத்திலிருந்தா?

---

#9 கம்பிச்சுருள்

திரிபிலிருந்து வரவில்லை. இந்த இழையில் நான் சொல்ல விரும்பியதே இந்த ஒன்றுதான், நல்ல இடத்தில் கேட்டீர்கள்.

முழுக்க அமுங்காத ஒரு ரப்பர்ப் பந்தை 1 கிலோமீட்டர் ஆழக் கடலில் இறக்குங்கள். சுற்றிலும் 10 மெகாபாஸ்கல் அழுத்தம். பந்து துளியும் சுருங்காது, வடிவமும் மாறாது. திரிபு பூச்சியம், தகைவு 10 மெகாபாஸ்கல். 2 கிலோமீட்டர் இறக்கினால் திரிபு அப்போதும் பூச்சியம், தகைவு 20. ஒரே திரிபுக்கு எத்தனை தகைவு வேண்டுமானாலும் இருக்கலாம். (நிஜ ரப்பர் 1 கிலோமீட்டரில் பருமனில் அரை சதவீதம் குறையும். அதை அளக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.)

ஆகவே அமுங்காத பொருளில் தகைவு இரண்டு துண்டு. ஒரு துண்டு வடிவ மாற்றத்திலிருந்து வருவது. அது திரிபுக்குக் கட்டுப்பட்டது. மற்றொன்று எல்லாத் திசையிலும் சமமான அழுத்தம். அதைப் பொருளின் குணத்திலிருந்து கணக்கிட முடியாது. விசைகள் சமநிலையில் இருக்க வேண்டும், விளிம்பு நிபந்தனை (ஓரத்தில் எது பிடிபட்டிருக்கிறது, எது சுதந்திரம் என்பது) நிறைவேற வேண்டும், அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அழுத்தம் தானாக வந்து நிற்கும். மேசையில் வைத்த பொருளை மேசை எவ்வளவு தாங்குகிறது என்று மேசையின் குணத்திலிருந்து கணக்குப் போடுகிறோமா? எடையிலிருந்து போடுகிறோம். அதே மாதிரிதான். 'பருமன் மாறாதே' என்ற கட்டளையைக் காவல்காக்கும் எதிர்விசை இந்த அழுத்தம்.

இப்போது வட்டுக்கு வாருங்கள். எண்ணெய் தடவியதில் பக்கச்சுவர் சுதந்திரம், அதனால் தேவைப்பட்ட அழுத்தம் சின்னது. ஒட்டியதில் பிதுங்கலைத் தள்ள அதிக அழுத்தம் தேவை. குழிக்குள் பொதிந்ததில் சுவர் எதையும் விடாது, அழுத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். பொருள் ஒன்றுதான், சுற்றியுள்ளது வேறு.

தேன் ஒப்புமை சும்மா சொன்னதல்ல. சிறு உருமாற்றங்களுக்கு, அமுங்காத மீட்சிப் பொருளின் சமன்பாடும் மெதுவாக ஓடும் பிசுபிசுப்புத் திரவத்தின் சமன்பாடும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இடப்பெயர்ச்சி இருக்கும் இடத்தில் திசைவேகம், விறைப்புக் குணகம் இருக்கும் இடத்தில் பாகுநிலை, அவ்வளவுதான் மாற்றம்.

---

#10 மெஷ்பித்தன்

இனி கணினிக்கு என்ன வியாதி என்று பார்ப்போம்.

0.5 கொடுத்தால் நின்றுபோவதற்குக் காரணம் எளிது. பருமக் குணகம் = யங் குணகம் ÷ (3 × (1 − 2 × பாய்சான் விகிதம்)). 0.5 போட்டால் கீழே பூச்சியம். மென்பொருள் அழுத்தத்தைத் திரிபிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறது, கம்பிச்சுருள் இப்போதுதான் அது நடக்காது என்றார்.

0.3 கொடுத்தது ஏன் தப்பு? அந்தப் பொருளைக் குழிக்குள் முழுக்க அடைத்து அமுக்கினாலும் விறைப்பு 1.35 மடங்குக்கு மேல் ஏறாது. 2.4 × 1.35 = 3.2. தலைகீழாக நின்றாலும் உங்கள் 12.9 வராது. பருமனைக் குறைத்துக்கொள்ளும் சுலப வழி திறந்திருக்கிறதே, அது ஏன் பிதுங்கப்போகிறது?

0.49 என்று மேலே ஒருவர் சொன்னார், நிறையப் பேர் செய்வதுதான், ஆனால் இங்கே பாருங்கள். யங் குணகம் 2.4 என்றால் 0.49-க்குப் பருமக் குணகம் 40 மெகாபாஸ்கல். 0.499-க்கு 400. 0.4998-க்கு 2000, அதுதான் நிஜ ரப்பர். 0.49 என்பது ஏதோ 0.5-க்குப் பக்கத்து வீடு மாதிரித் தெரிகிறது, ஆனால் நிஜத்தைவிட 50 மடங்கு மெத்தென்ற பொருள். உங்கள் வட்டுக்கு அது சுமார் 10 மெகாபாஸ்கல் கொடுக்கும், கால் பங்கு குறைவு. எண்ணெய் தடவிய சோதனைக்கு 0.49-ம் ஒன்றுதான் 0.4999-ம் ஒன்றுதான். அடைபட்ட ரப்பருக்கு மூன்றாவது, நான்காவது தசமத்தில்தான் உயிரே இருக்கிறது.

கடைசியாக 41. கணக்குப் போட மென்பொருள் வட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமெண்டுகளாக, வெட்டுமே, அந்த மெஷ் முக்கோண எலிமெண்டுகளாலானதா? பெரிய முக்கோணங்களா?

---

#11 அமுக்கிப்பார்த்தவன்

ஆமாம், மூன்று முனை முக்கோணம்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

#12 மெஷ்பித்தன்

அடிபட்டவனுக்குத் தெரியாதா! என் முதல் ரப்பர்க் கணக்கும் இப்படித்தான் கல்லாய்ப் போனது. இதற்குப் 'பூட்டிக்கொள்வது' என்று பெயர்.

காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஒரு சதுரம். கீழ்ப்பக்கம் தரையோடு ஒட்டியது, இடப்பக்கம் சுவரோடு ஒட்டியது. ஆக நான்கு முனைகளில் மூன்று அசையாது, வலது மேல்முனை மட்டும் சுதந்திரம். இடது கீழ்முனையிலிருந்து வலது மேல்முனைக்கு ஒரு மூலைவிட்டம் போட்டு இரண்டு முக்கோணமாக்குங்கள்.

கீழ் முக்கோணத்தின் அடி தரையில் கிடக்கிறது. பரப்பளவு மாறக்கூடாது என்றால் உயரம் மாறக்கூடாது. அதனால் அந்தச் சுதந்திர முனை பக்கவாட்டில் மட்டும்தான் போகலாம். மேல் முக்கோணத்தின் அடி சுவரில் இருக்கிறது. அதே நியாயப்படி முனை மேலும் கீழும் மட்டும்தான் போகலாம். இரண்டு கட்டளையும் சேர்ந்தால்? முனை எங்குமே போக முடியாது. அது நிலைத்துவிட்டதால் பக்கத்துச் சதுரத்துக்கும் மூன்று முனை நிலைத்துவிடுகிறது. அப்படியே ஒவ்வொன்றாக மெஷ் முழுக்கப் பூட்டிக்கொள்கிறது. நிஜ ரப்பர் தாராளமாகப் பிதுங்கும். உங்கள் முக்கோணங்களுக்குப் பிதுங்கத் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தாலும் தெரியும். ஒரு முனைக்கு இரண்டு சுதந்திரம், ஒரு முனைக்குச் சராசரியாக இரண்டு முக்கோணம், முக்கோணத்துக்கு ஒரு கட்டளை. வரவும் செலவும் சரி, கையில் மிச்சம் எதுவும் இல்லை.

வைத்தியம்: அழுத்தத்தைத் தனி அறியா எண்ணாக எடுத்துக்கொள்ளும் கலப்பு எலிமெண்ட். ஹெர்மன் 1965-ல் காட்டிய வழி இது. மென்பொருளில் 'ஹைப்ரிட்' என்றோ 'இடப்பெயர்ச்சி-அழுத்தம்' என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அதில் 0.5 கொடுத்தாலும் ஓடும். ஒரு எச்சரிக்கை: அழுத்தத்துக்கு இஷ்டத்துக்கு நிறைய எண் கொடுத்தாலும் ஆபத்து. அழுத்தப் படம் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக ஆடும். பாபுஷ்கா, பிரெஸ்ஸி இருவரும் எழுபதுகளின் தொடக்கத்தில் இதற்கு வரம்பு கட்டினார்கள். இடப்பெயர்ச்சியை இருபடியாகவும் அழுத்தத்தை ஒருபடியாகவும் எடுத்தால் அந்த வரம்புக்குள் இருக்கலாம்.

எந்த எலிமெண்டாக இருந்தாலும், முடிவை நம்புவதற்கு முன் அழுத்தப் படத்தைத் திறந்து பாருங்கள். இடப்பெயர்ச்சிப் படம் அழகாக இருக்கும், பொய் எல்லாம் அழுத்தப் படத்தில்தான் தெரியும்.

---

#13 நனைமண்

நடுவில் ஒரு மண்காரன். ஈரக் களிமண்ணும் இதே ஜாதிதான், ஆனால் நேரத்தைப் பொறுத்து. சட்டென்று சுமை ஏற்றினால் துளைகளில் உள்ள தண்ணீர் வெளியேற நேரமில்லை, அதனால் பருமன் மாறாது, 0.5 போட்டுக் கணக்கிடுவோம். சுமையைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தம். மாதங்கள், வருடங்கள் போனால் தண்ணீர் மெல்லக் கசிந்து, அழுத்தம் இறங்கி, மண் நிஜமாகவே அமுங்குகிறது. டெர்சாகி இதைக் கணக்காக்கியது 1920-களில். மூட்டுக் குருத்தெலும்பும் அப்படித்தான், குதிக்கும்போது அமுங்காத பொருள், மணிக்கணக்கில் நின்றால் அமுங்குகிற பொருள். 'அமுங்காத' என்று சொல்வதற்கு முன் 'எவ்வளவு நேரத்துக்கு?' என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி.

---

#14 சந்தேகப்பிராணி

அப்படியானால் தசை? கையை மடக்கினால் புஜம் புடைக்கிறதே, பருமன் கூடுகிறதா?

---

#15 நனைமண்

கூடவில்லை. குட்டையாவதால் தடிக்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வாமர்டாம் தவளையின் தசையை மூடிய குழாய்க்குள் வைத்து, நுனியில் ஒரு நீர்த்துளியை நிறுத்தி, தசையைச் சுருங்க வைத்துப் பார்த்தார். பருமன் கூடியிருந்தால் துளி மேலே ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. தசைக்குள் ஏதோ ஆவி பாய்ந்து ஊதுகிறது என்ற பழைய நம்பிக்கைக்கு அது பலத்த அடி.

---

#16 அமுக்கிப்பார்த்தவன்

கலப்பு எலிமெண்ட் போட்டு ஓடவிட்டிருக்கிறேன், முடிய நேரமாகும். அதற்குள் ஒரு கேள்வி. நிஜத்தில் வட்டு 1.5 மி.மீ. இறங்க வேண்டும், அதாவது 15 சதவீதம். ஹூக் விதி அதுவரை செல்லுமா?

---

#17 கம்பிச்சுருள்

செல்லும் என்று சொல்லவும் முடியாது, பெரிய பாவம் என்று சொல்லவும் முடியாது. நீட்சி விகிதத்தை, அதாவது இப்போதைய நீளத்தை முதல் நீளத்தால் வகுத்ததை, 'நீ' என்று வைத்துக்கொள்வோம். (உங்களைச் சொல்லவில்லை.) ரப்பருக்கு மிக எளிய மாதிரி இது:

விசை ÷ முதல் பரப்பளவு = விறைப்புக் குணகம் × (நீ − 1/நீ²)

அந்த 1/நீ² என்பது அமுங்காமையின் கையெழுத்து. நீளம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பளவு பாதியாக வேண்டும், அங்கிருந்துதான் அது வருகிறது. உங்கள் ரப்பரை இரண்டு மடங்கு நீட்டினால் 0.8 × 1.75 = 1.4 மெகாபாஸ்கல். ஹூக் 2.4 என்பார். பாதியாக அமுக்கினால் 0.8 × 3.5 = 2.8. ஹூக் 1.2 என்பார். இழுக்க எதிர்பார்த்ததைவிடச் சுலபம், அமுக்க எதிர்பார்த்ததைவிடக் கடினம். உங்கள் 15 சதவீதத்துக்கு, அதாவது நீ = 0.85-க்கு, மாதிரி 0.43 கொடுக்கும், ஹூக் 0.36. வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. ஒட்டிய வட்டுக்கு இன்னும் கூடும். பெரிய உருமாற்றக் கணக்கை இயக்கிக்கொள்ளுங்கள்.

மூனி 1940-ல் தொடங்கி, ரிவ்லின் 1948-ல் முறைப்படுத்திய கூட்டத்தைச் சேர்ந்த சூத்திரம் இது. மிகவும் நீட்டினால் சங்கிலிகள் இனி நீள முடியாமல் விறைத்துவிடும், அங்கே இந்த எளிய மாதிரி கைவிடும். ஆனால் பலூனை ஊதும்போது முதல் மூச்சு திணறுவதும், அப்புறம் சட்டென்று இளகுவதும் இதிலேயே இருக்கிறது. ஆரம் 1.38 மடங்கு ஆகும்போது உள்ளழுத்தம் உச்சம், அதைத் தாண்டினால் ரப்பர் மெலிந்துபோவது முந்திக்கொள்கிறது.

---

#18 ஆய்வகத்துமூலை

அமுக்குவதைப் பற்றியே பேசுகிறோம், இழுப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒட்டிய வட்டை இழுத்தால் அந்தப் பரவளைய அழுத்தம் அப்படியே குறி மாறும். மையத்தில் எல்லாத் திசையிலும் இழுவிசை. ரப்பருக்கு அது ஆகாது. விறைப்புக் குணகத்தைப் போல இரண்டரை மடங்கு வந்ததும் உள்ளே குமிழி வெடிக்கும். உங்கள் ரப்பருக்கு வெறும் 2 மெகாபாஸ்கல்.

நிறமேற்றாத, ஒளி ஊடுருவும் ரப்பரில் ஒருமுறை இதைச் செய்து பார்த்தேன். வெளியே பக்கச்சுவர் உள்வாங்கியதைத் தவிர ஒரு கீறல்கூட இல்லை. 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம். டார்ச்சை வைத்துப் பார்த்தால் நட்டநடுவில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. சுமையை எடுத்ததும் புள்ளி மறைந்துவிட்டது, ஆனால் அடுத்த தடவை அதே இடத்தில் இன்னும் சீக்கிரமாகத் திறந்தது. கருப்பு ரப்பராக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. உங்கள் இயந்திரத்தின் கால் எப்போதாவது மேலே எகிறுமா?

---

#19 அமுக்கிப்பார்த்தவன்

எகிறாது சார், எடை எப்போதும் மேலே உட்கார்ந்திருக்கும்.

கணக்கு முடிந்தது! சிறு உருமாற்றத்துக்குக் கணினி 12.8, சூத்திரம் 13.2, சோதனை 12.9. அழுத்தப் படம் மையத்தில் சிவந்து விளிம்பில் நீலமாகி, ஆய்வகத்துமூலை சார் சொன்ன பரவளையம் மாதிரியே இருக்கிறது. பழைய முக்கோணத்தின் அழுத்தப் படத்தையும் திறந்து பார்த்தேன், சதுரங்கப் பலகை!

ஒரு கடைசி விஷயம், இது பிரச்சினை இல்லை என்றுதான் நினைக்கிறேன். எண்ணெய் தெறிக்காமல் இருக்க வட்டைச் சுற்றி ஒரு எஃகுக் கிண்ணம். உள்விட்டம் 62 மி.மீ. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளி போதும்தானே?

---

#20 மெஷ்பித்தன்

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். 1.5 மி.மீ. இறங்க வேண்டும் என்றீர்களே?

---

#21 ஆய்வகத்துமூலை

கையிலேயே போட்டுவிடலாம். ரப்பரின் பருமன் மாறாது. 30 மி.மீ. ஆரம், 10 மி.மீ. உயரம். ஆரம் 31 ஆகிவிட்டால் உயரம் 10 × 900 ÷ 961 = 9.36. அதாவது 0.64 மி.மீ. இறங்குவதற்குள் கிண்ணம் மூலைமுடுக்கு விடாமல் நிரம்பிவிடும். உண்மையில் பீப்பாயின் வயிறு அதற்கு வெகு முன்பே சுவரைத் தொட்டுவிடும். நிரம்பியதற்கு அப்புறம் நீங்கள் வைத்திருப்பது அதிர்வு தாங்கி அல்ல, 5.8 டன் கணக்கு. மிச்சமுள்ள 0.86 மி.மீ.-ஐ அது தரவே தராது.

1.5 மி.மீ. இறங்கும்போது ஆரம் சராசரியாக 2.5 மி.மீ. கூடும், பீப்பாயின் வயிற்றில் 4-ஐ நெருங்கும். வெப்பத்தையும் சேருங்கள். 50 பாகை சூடேறினால் ரப்பர் பருமனில் சுமார் 3 சதவீதம் பெருக்கும், எஃகு அவ்வளவு பெருக்காது. அடைபட்ட ரப்பரில் அந்த 3 சதவீதம் 60 மெகாபாஸ்கல். வளையத் தடுப்பான்களின் (ஓ-ரிங்) குழியை முழுக்க நிரப்பாமல் இடம் விட்டு வெட்டுவதும் இதனால்தான். உள்விட்டம் 72 வையுங்கள்.

---

#22 அமுக்கிப்பார்த்தவன்

கிண்ணத்தின் வரைபடம் நேற்றே கடைசலுக்குப் போய்விட்டது, நாற்பது எண்ணிக்கை. போன் பண்ணிவிட்டு வருகிறேன்.